தானாகத் திருந்திய மோட்டர்

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் நீங்கள், முறைப்பாடு வந்த கிணற்றடிக்குப் போனதும் பையிலிருந்து முதலில் எடுப்பது அளவு நாடாவாகத்தான் இருக்கும். பணியில் இருந்த காலம் முழுவதும் நானும் அதைத்தான் முதலில் எடுத்தேன். அதில் தவறில்லை. யாழ்ப்பாணத்தில் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளுக்குள் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று மேலே நிற்கிற எவருக்கும் தெரியாது. ஆகவே கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தை அளந்து பார்க்க ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஊர் வழக்கில் பி.எச்.ஐ, வேண்டும்.

நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்த பிறகு என்ன செய்வது என்பது பற்றி எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, சுன்னாகத்துக்கு அப்பால் ஓர் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். எல்லா வீட்டிலும் கிணறு உண்டு. குளிக்க, துவைக்க அவரவர் கிணறு. குடிக்க மட்டும் எல்லோரும் சிவபாதத்தின் வளவுக்குப் போவார்கள். மற்றக் கிணறுகள் உவர், அவருடையது நல்ல தண்ணீர். காலையிலும் பின்னேரத்திலும் படலை திறந்தே இருக்கும். வருகிறவர்கள் கப்பியில் வாளியைப் போட்டு அள்ளி, பிளாஸ்டிக் கான்களில் நிரப்பி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவார்கள். யாரையும் ஏன் வந்தாய் என்று ஒரு சொல் கேட்டதில்லை என்பது சிவபாதத்தின் பெருமை. ஒழுங்கை முடிவிலிருக்கும் வைரவர் கோயிலில் கோடையில் நடக்கும் பொங்கலுக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

அவர் வெங்காயத் தோட்டக்காரர். அப்போது அறுபது தாண்டியிருந்தார். மனைவி பாக்கியம் பாரிசவாதத்தில் படுக்கையில் விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. மனைவியைத் தூக்கி இருத்துவது, துடைப்பது, சீலை மாற்றுவது எல்லாம் அவர்தான். அந்த அறைக்குள் போனவர்கள் ஒரு மணமும் இல்லை என்று வியந்து சொல்வார்கள்.

பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஒழுங்கையில் வயிற்றோட்டமும் வாந்தியும் பரவியது. முதலில் சிறு பிள்ளைகள், பிறகு ஒரு வயோதிபர். ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் மறித்து வாட்டில் சேர்த்துவிட்டார்கள். நான் கிணற்றுத் தண்ணீரின் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். மலக் கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது. அந்த முடிவோடு நான் போய்ச் சேருவதற்கு முன்பே ஒழுங்கை தன் தீர்ப்பை எழுதி முடித்திருந்தது.

சிவபாதத்தின் வேலிக்கு மற்றப் பக்கம் யோகராணியின் காணி. கணவனை இழந்தவர். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை. ஒரே மகளுக்கு ஏழு வயது. அந்த வீட்டுக்கு மலசலகூடம் கிடைத்தே ஒரு வருடம்கூட ஆகவில்லை. உதவித் திட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்தது. அதற்கு முன்பு தாயும் மகளும் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்து போய் வந்தார்கள். காணி ஒடுங்கியது. குழி வெட்டியவர்கள் கல்லைக் கண்டதும் கிணற்றுப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து வெட்டியிருந்தார்கள்.

நான் போனபோது அந்த மலசலகூடத்தின் கதவைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். யோகராணி அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் மறிக்கப்பட்ட பிள்ளை அவருடைய மகள்தான். தாய் வாட்டில் பிள்ளையோடு இருந்த நேரத்தில் கதவு கட்டப்பட்டிருக்கிறது.

ஒழுங்கைக்காரர் பெரும்பாலும் எல்லோரும் வேலியடியில் நின்றார்கள். கிராமச் சங்கத்தின் செயலாளர் முன்னுக்கு வந்தார்.

“பி.எச்.ஐ ஐயா, அளக்கிறதெண்டால் அளவுங்கோ. நாங்கள் ஏற்கெனவே அளந்துபோட்டம்.”

“எதாலை அளந்தனீங்கள்?”

“கயித்தாலை. சங்கத்தின்ரை கயிறு.”

பின்னால் நின்ற ஒருவர், “வெங்காயப் பிடி கட்டுற கயிறு, ஐயா. நனைஞ்சால் சுருங்கும்” என்றார். சிலர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

நாடாவைப் பிடித்தேன். கயிறு சொன்னது சரி. குழி விதிக்குச் சில அடிகள் குறைவாகத்தான் இருந்தது.

“பிறகென்ன?” என்றார் சிவபாதம். வேலிக்கு அந்தப் பக்கம், தன் வளவுக்குள் நின்றபடி கேட்டார். குரலை உயர்த்தவில்லை. “எனக்கு உவவோடை கோவமில்லை, தம்பி. பாவம், தனிச்ச பொம்பிளை. ஆனால் ஊர் குடிக்கிற தண்ணி. குழியை மூடச் சொல்லி எழுதித் தாங்கோ. பொங்கலுக்கு முன்னம் கிணத்தை இறைச்சுப்போடலாம்.”

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லாமே சரியாகப் பொருந்தியிருந்தது. தண்ணீரில் மலக் கிருமி. பக்கத்தில் மலக்குழி. தூரம் குறைவு. ஊர் ஒருமித்து நிற்கிறது. சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். “தூரம் காணாதெண்டால் மூடச் சொல்லி அறிவித்தலைக் குடுத்திட்டு வாங்கோவன்” என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. நான் கையெழுத்து வைத்திருந்தால் எந்த விசாரணையிலும் அது நின்றிருக்கும். தாயும் மகளும் மறுபடி ஒழுங்கையில் நடக்கத் தொடங்கியிருப்பார்கள்.

இந்த வேலைக்கு வருமுன் இரண்டு வருடம் பத்திரிகையில் செய்தி எழுதினேன். அங்கே முதலில் பழக்கியது, யார் செய்தது என்பதைக் கடைசியில் கேட்க வேண்டும், எப்போது தொடங்கியது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது. எல்லோரும் ஒரே பெயரைச் சொல்கிற இடத்தில் அது இன்னும் அவசியம்.

ஆனால் அதற்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. காரணம் பிறகு. தண்ணீரை உடனே நிறுத்த வேண்டும்.

“அறிவித்தலைப் பற்றிப் பேந்து கதைப்பம். இப்ப இருந்து இந்தக் கிணத்திலை ஒருத்தரும் குடிக்க அள்ளக்கூடாது. பிரதேச சபைக்குச் சொல்லியிருக்கிறன், பவுசரிலை குடிதண்ணி வரும்” என்றேன்.

சிவபாதத்தின் முகம் மாறியது.

“என்ரை கிணத்தையோ மூடுறியள்?”

“கிணத்தை மூடேல்லை அண்ணை. அள்ளுறதைத்தான் நிப்பாட்டுறன்.”

“என்ரை அப்பு காலத்திலை இருந்து இந்தப் படலை பூட்டினதில்லை.”

“படலை திறந்தே இருக்கட்டும்.”

“உதென்ன கதை? குத்தம் செய்தது அங்காலை. தண்டனை இஞ்சாலையோ?”

பலர் அவர் பக்கம் பேசினார்கள். பொங்கலுக்குப் பவுசர் தண்ணீரையா வைரவருக்கு வைப்பது என்று ஒருவர் கேட்டார். வைரவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஐயர்தான் சொல்லுவார் என்று இன்னொருவர் பதில் சொன்னார். குழியைக் குற்றம் சாட்டும்போது என்னோடு நின்ற கூட்டம், கிணற்றை நிறுத்தியதும் எனக்கு எதிராகத் திரும்பியது. இது உங்களுக்கும் நடக்கும். நடக்கும்போது கோபப்படாதீர்கள். விளக்கமும் அதிகம் கொடுக்காதீர்கள். கப்பிக் கயிற்றைக் கழற்றி வாங்கி உங்கள் மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

அந்த நேரத்தில் யோகராணி வந்து சேர்ந்தார். பிள்ளைக்கு மாற்றுடுப்பு எடுக்க வந்திருக்கிறார். கையில் வெறும் பை. கூட்டத்தையும் என்னையும் கதவிலிருந்த கம்பியையும் பார்த்தார். கம்பியை நீண்ட நேரம் பார்த்தார்.

“ஆர் கட்டினது?”

கிட்டப் போய் அதன் முறுக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நல்ல வடிவாத்தான் கட்டியிருக்கினம். முந்தி வேலி அடைக்க ஒரு கை குடுங்கோ எண்டு கேக்கேக்கை ஒருத்தருக்கும் கம்பி முறுக்கத் தெரியாமல் கிடந்தது.”

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். மகளுக்கு எப்படி என்று கேட்டேன். சேலைன் ஏறுகிறது, கண் திறந்து கதைக்கிறாள் என்றார். பிறகு கேட்டார்:

“சேர், என்ரை குழியாலைதான் ஊருக்கு வருத்தமெண்டால் என்ரை பிள்ளைக்கு ஏன் முதல் வந்தது? நாங்களும் உந்தக் கிணத்துத் தண்ணிதானே குடிக்கிறம்.”

செயலாளர், “அதுதானே நாங்களும் சொல்லுறம். உங்கடை குழி, உங்கடை பிள்ளைக்குத்தான் முதல் வரும்” என்றார்.

“கக்கூசு கட்டினது போன மாரிக்கு முதல். மாரி முழுக்கப் பாவிச்சம். அப்ப ஏன் ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை?”

அவர் அதை வாதமாகத்தான் சொன்னார். எனக்கு அது தகவலாக விழுந்தது. மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறி, குழியின் அடியைத் தொடும் அளவுக்கு வரும். குழியிலிருந்து கிணற்றுக்கு ஊறுவதென்றால் அந்தக் காலத்தில்தான் ஊறியிருக்க வேண்டும். நாங்கள் நின்றது நல்ல கோடையில். கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போயிருந்தது. இருந்தது அதே குழி, அதே ஆட்கள், அதே தூரம். அந்த ஒழுங்கையில் கடந்த சில கிழமைகளுக்குள் மாறியது வேறு ஏதோ ஒன்று.

கூட்டத்தை அனுப்பிவிட்டு நான் சிவபாதத்தின் வளவுக்குள் போனேன். யோகராணி படலையடியில் நின்றுகொண்டார். போகச் சொன்னேன். “பஸ்ஸுக்கு நேரமிருக்கு, சேர்” என்றார்.

சிவபாதம் என்னோடு கதைக்கவில்லை. கிணற்றைச் சுற்றிப் பார்த்தேன். கட்டு வெடிக்கவில்லை. சுற்றுத்தளம் சரிவாக, தண்ணீர் வெளியே ஓடும்படி இருந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் சிறு கொட்டிலுக்குள் தண்ணீர் மோட்டர். அதன் பக்கத்தில் ஒரு அலுமினியச் செம்பு கவிழ்ந்து கிடந்தது. அதன் வாய்க்கும் சுவருக்கும் இடையில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

நமது ஊரில் பாதி வீடுகளில் மோட்டருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு செம்போ பேணியோ இருக்கும். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஒரு வால்வு உண்டு. தண்ணீரை மேலே விடும், திரும்பக் கீழே விடாது. பூட்வால்வு என்பார்கள். அது தேய்ந்தால், மோட்டரை நிறுத்தியதும் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் மெல்ல மெல்லக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அடுத்த நாள் மோட்டரைப் போட்டால் காற்றைத்தான் இழுக்கும். அப்போது மோட்டரின் தலையில் உள்ள மூடியைத் திறந்து செம்பால் தண்ணீர் விட வேண்டும். வால்வை மாற்றுவதற்குக் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். செம்பு கையில் இருக்கும்வரை யாரும் இறங்குவதில்லை.

“அண்ணை, மோட்டருக்குத் தண்ணி விடுறேல்லையோ?” என்று கேட்டேன்.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. மோட்டரைப் பற்றிக் கேட்டால் தோட்டக்காரர் எவரும் பதில் சொல்வார்.

“முந்தி ஒவ்வொரு நாளும் விடவேணும். ரெண்டு வருசமா உதோடை சீவியம். இப்ப ஒரு மாசமா விடாமலே எடுக்குது. தானாத் திருந்தீட்டுது.”

“வால்வு மாத்தினனீங்களோ?”

“இல்லை. அதுதானே சொல்லுறன், தானாத் திருந்தினது. மனுசர்தான் திருந்தாயினம்.”

மோட்டர் தானாகத் திருந்தாது. பல வருடங்களாகக் கெட்டுக் கிடந்த ஒன்று திடீரென்று சரியானால், அதற்கு எங்கிருந்தோ உதவி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த மோட்டருக்கு யாரோ தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். யார், எங்கிருந்து, என்ன தண்ணீர் என்பதுதான் கேள்வி.

“ஒரு மாசத்துக்கு முன்னம் என்ன செய்தனீங்கள்?”

அவர் கொஞ்சம் பெருமையோடு காட்டினார். மோட்டரிலிருந்து மேலே தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு கிளை எடுத்து, அதை வீட்டுப் பின்பக்கக் குளியலறைக்குள் விட்டிருந்தார். பாக்கியத்தின் சீலைகளையும் படுக்கை விரிப்புகளையும் அலசுவதற்கு. தொட்டித் தண்ணீருக்கு விசை காணாது, மோட்டரிலிருந்து நேரே வந்தால் ஊத்தை ஒரே அடியில் போய்விடும் என்றார். கிளை பிரியும் இடத்தில் இரண்டு வால்வு வைத்திருந்தார். ஒன்று தொட்டிக்கு, மற்றது குளியலறைக்கு. ஒன்றைத் திறந்தால் மற்றதைப் பூட்டுவார். காலையில் தொட்டி நிறைந்ததும் அதன் வால்வைப் பூட்டிவிட்டுக் குளியலறை வால்வைத் திறந்து விடுவார். மறுநாள் காலைவரை அப்படியே இருக்கும்.

வேலை மிகச் சுத்தம். ஒரு பொருத்தில்கூடக் கசிவு இல்லை. வாழ்நாள் முழுவதும் வெங்காயப் பாத்திகளுக்குக் குழாய் இழுத்த கை.

குளியலறைக்குள் போனேன். சுவரிலிருந்து வந்த குழாயில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தது. அதற்குத் திறந்து பூட்டும் திருகு எதுவும் இல்லை. ஹோஸின் மறுமுனை தரையில் இருந்த பெரிய பிளாஸ்டிக் பேசினுக்குள் கிடந்தது. பேசின் நிறைய, முதல் நாள் பின்னேரம் ஊறப்போட்ட விரிப்புகள். ஹோஸின் வாய் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

“பைப்புக்குத் திருகு வைக்கேல்லையே?”

“என்னத்துக்கு? கையெல்லாம் ஊத்தையோடை திருகைத் தொடலாமே? வெளியிலை சுவிச். முழங்கையாலை ஒரு தட்டு, தண்ணி வரும். இன்னொரு தட்டு, நிக்கும்.”

உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது. வாயின் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன. ஆனால் தெளிவாக வந்தன.

“உந்த மனுசனுக்கு வீடும் தோட்டமும் ஒண்டு. பைப்பின்ரை வாயை ஒருநாளும் தூக்கி வையார். பாத்திக்கை கிடக்கிற மாதிரிக் கிடக்கும்.”

“நீ சும்மா கிட” என்றார் சிவபாதம். அந்தச் சொல்லில் கடுமை இல்லை.

பாக்கியம் சொன்னது முழு உண்மை. தோட்டத்தில் யாரும் குழாய் முனையில் திருகு வைப்பதில்லை. எல்லா வாயையும் பூட்டிவிட்டு தண்ணீர் இறைக்கும் மெசினை ஓடவிட்டால் குழாய் வெடிக்கும். ஆகவே ஒரு வாய் எப்போதும் திறந்திருக்கும், முனை பாத்திக்குள் கிடக்கும், தண்ணீரை நிறுத்துவது மெசினடியில். தோட்டத்தில் அது நல்ல பழக்கம். அவர் அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார்.

“பேசின் தண்ணி விடியேக்கை குறைஞ்சு கிடக்குமோ?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அதெப்பிடித் தெரியும்? அரைவாசிதான் கிடக்கும். எங்கையோ வெடிப்பெண்டு பேசினை மாத்தினன். புதுசும் அப்பிடித்தான்.”

“நிலம் நனைஞ்சு கிடக்குமோ?”

அவர் குனிந்து பேசினுக்குப் பக்கத்தில் தரையைத் தடவிப் பார்த்தார். நிலம் ஒருநாளும் நனைந்திருக்கவில்லை.

விரிப்புகளை எடுத்துவிட்டுப் பேசினைக் கழுவி, சுத்தமான தண்ணீரால் நிரப்பச் சொன்னேன். ஹோஸ் உள்ளே கிடக்க, மோட்டரை நிறுத்தினார். தண்ணீர் நின்ற மட்டத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன். இருவரும் வெளியே வந்து உட்கார்ந்தோம்.

“தேத்தண்ணி குடிப்பியளோ?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு கிணற்றைப் பார்த்தார். படலையடியில் யோகராணி பையோடு நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனோம். தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. பேசினைச் சுற்றி நிலம் காய்ந்திருந்தது. பேசினைத் தூக்கிப் பார்த்தார். அதன் அடியும் காய்ந்திருந்தது.

“அண்ணை, ஹோஸை வெளியிலை எடுத்த உடனை உள்ளங்கையாலை வாயைப் பொத்துங்கோ.”

பொத்தினார். சில கணங்கள் எதுவும் இல்லை. பிறகு அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். ஹோஸ் அவருடைய கையை இழுத்துக்கொண்டிருந்தது. மோட்டர் நின்றிருக்கிறது, சத்தமில்லை, ஆனால் கிணற்று ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரின் பாரம் உள்ளங்கையின் தோலைக் குழாய்க்குள் உறிஞ்சியது. அவர் கையை எடுத்தபோது நடுவில் வட்டமாகச் சிவந்த தடம் இருந்தது.

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குழாயை அறிந்தவருக்குக் குழாயே சொல்லிவிட்டது. தேய்ந்த வால்வு வழியாகத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்குகிறது. தொட்டிப் பக்கம் பூட்டியிருக்கிறது. திறந்திருந்த ஒரே வாய் பேசினுக்குள். ஊறப்போட்ட விரிப்பின் தண்ணீரை அந்த ஒரு மாதமாக ஒவ்வொரு இரவும் கிணறு குடித்துக்கொண்டிருந்தது. குழாய் காலியாகாதபடியால் காலையில் மோட்டருக்குச் செம்பால் தண்ணீர் விடத் தேவைப்படவில்லை.

“பாக்கியத்துக்கும் இப்ப ரெண்டு மூண்டு கிழமையா வயித்தாலை போகுது” என்றார் கடைசியில். “வாதத்துக்குக் குடுக்கிற குளிசையாலை எண்டு நினைச்சன்.”

அந்தத் தடத்தை மற்றக் கையின் பெருவிரலால் தேய்த்தபடி நின்றார். பிறகு கேட்டார்:

“தம்பி, உதை நீங்கள் எல்லாருக்கும் சொல்லவேணுமோ?”

இங்கேதான் நீங்கள் தடுமாறுவீர்கள். அவர் கெட்டவர் அல்ல. சுத்தம் பார்த்ததால் வந்த வினை இது. ஊத்தைக் கையால் திருகைத் தொடக்கூடாது என்று நினைத்த மனிதர். பிழையான வால்வு ஒன்று இருந்தது, மாற்றியாயிற்று என்று பொதுவாகச் சொல்லி, அவர் பெயரை நான் காப்பாற்றியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கட்டுக்கம்பி கழன்றிருக்கும், ஆனால் ஒழுங்கையில் கதை கழன்றிருக்காது. பி.எச்.ஐ இரங்கி விட்டுவிட்டார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அடுத்த முறை யாருக்கு வயிறு வலித்தாலும் அந்தக் கதவைத்தான் பார்ப்பார்கள். ஒருவர் மேல் விழுந்த பழியைக் காரணம் சொல்லாமல் துடைக்க முடியாது.

“சொல்லத்தான் வேணும் அண்ணை. நான் சொல்லலாம். நீங்களும் சொல்லலாம்” என்றேன்.

அவர் ஹோஸைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டார். கையைச் சவர்க்காரம் போட்டு, முழங்கைவரை, வழக்கம்போல நிதானமாகக் கழுவினார். பிறகு படலையடிக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

செயலாளரும் இன்னும் சிலரும் ஒழுங்கையில்தான் நின்றார்கள். முடிவு தெரியாமல் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

“பிழை உவவின்ரை குழியிலை இல்லை” என்றார் சிவபாதம். “என்ரை பைப்பிலை. பாக்கியத்தின்ரை சீலை ஊறின தண்ணி கிணத்துக்கை இறங்கியிருக்கு. நானே கையை வைச்சுப் பாத்திட்டன்.”

ஒருவரும் நம்பவில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

“அப்ப தூரம் காணாதெண்டது?”

“அது காணாதுதான்” என்றேன். “அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அந்தக் குழியை அடி கட்டி மூடின தொட்டியா மாத்தவேணும். அதுக்கு உதவித் திட்டக்காரரோடை நான் கதைக்கிறன். ஆனால் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடக்கிறது உந்தக் குழியாலை இல்லை.”

சிவபாதம் அதற்குள் ஒழுங்கையைக் கடந்து யோகராணியின் வளவுக்குள் போயிருந்தார். கம்பியின் முறுக்கைத் தேடி, பல்லால் கடிக்காத குறையாக அதைப் பிரித்தார். இறுக்கிக் கட்டியிருந்தார்கள். விரலில் கீறி இரத்தம் வந்தது. யோகராணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், உதவவில்லை. கம்பி கழன்றதும் சிவபாதம் அதை நேராக்கிச் சுருட்டி அவரிடம் நீட்டினார்.

“வைச்சிருங்கோ மாமா. வேலிக்கு உதவும்” என்றார் யோகராணி. பிறகு உள்ளே போய்ப் பிள்ளையின் உடுப்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதன் பிறகு செய்தவை நீங்கள் அறிந்தவை. பூட்வால்வை மாற்றினோம். குளியலறைக்கு நேர்க்குழாய் எடுப்பதை அகற்றி, தொட்டியிலிருந்து மட்டும் தண்ணீர் வரும்படி செய்தோம். குழாயின் வாய் எந்தப் பாத்திரத்தின் விளிம்புக்கும் மேலே நிற்க வேண்டும், இடையில் காற்று இருக்க வேண்டும் என்பதை ஒழுங்கையின் எல்லா வீட்டிலும் போய்க் காட்டினேன். அப்படிப் போனபோதுதான், வாளிக்குள் ஹோஸ் கிடக்கும் குளியலறைகள் எத்தனை என்று தெரிந்தது. மூடிய தொட்டி கட்டும் காசு வந்து சேர மாதங்கள் எடுத்தன. கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, மறுபடி இறைத்து, மாதிரி அனுப்பினோம். வைரவருக்கு அந்த வருடம் பவுசர் தண்ணீரில்தான் பொங்கினார்கள். ஐயர் ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல முடிவு வந்ததும் கப்பிக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். பின்னேரம். கான்களோடு ஆட்கள் வந்திருந்தார்கள். சிவபாதம் கயிற்றைத் தானே மாட்டினார். ஆனால் முதல் வாளியை இறக்க எவரையும் விடவில்லை. யோகராணிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர் மகளைக் கையில் பிடித்தபடி வந்தார். பிள்ளை மெலிந்திருந்தாள், நடந்து வந்தாள். ஒழுங்கைக்காரர் வழிவிட்டார்கள். சிவபாதம் வாளியை நீட்டினார்.

யோகராணி வாளியை வாங்கவில்லை. கிணற்றைக் கடந்து நேரே வீட்டின் பின்பக்கம் போனார். குளியலறைக் கதவைத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டது. பாக்கியம் உள்ளேயிருந்து, “பைப் ஆணியிலைதான் தொங்குது, பிள்ளை. நான் ஒவ்வொரு நாளும் கேட்டுப் பாக்கிறனான்” என்று சொல்வதும் கேட்டது.

திரும்பி வந்தார். சிவபாதத்தின் கையிலிருந்து வாளியை வாங்கினார்.

நல்ல முடிவு வந்த தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதைக் காட்டும்படி யோகராணி என்னைக் கேட்கவேயில்லை.